வராத ஆளுக்கும் டிக்கெட்

தனியாகக் கப்பல் சுற்றுலா கிளம்புகிறவரிடம் பெரும்பாலான கம்பெனிகள் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான கட்டணத்தை வாங்கிவிடுகின்றன. விளம்பரத்தில் வரும் 'ஒரு நபருக்கு' விலையே அறைக்கு இருவர் என்ற கணக்கில் போட்டதுதான். துறைமுக வரிக்கு நாம் ஒரு ஆள். டிப்ஸுக்கு ஒரு ஆள். சாப்பாட்டுத் தட்டும் ஒன்றுதான். கேபினுக்கு மட்டும் எப்படி சார் இரண்டு பேர் ஆனோம்?

'ஒரு படுக்கை காலியாப் போகுதே' என்பார்கள். படுக்கை பாதி சாக்கு. வராத அந்த ஆள் பாரிலும் கேசினோவிலும் விட்டிருக்கக்கூடிய காசுதான் அவர்களுக்கு வலிக்கிறது. அதையும் சேர்த்து நம் தலையில் கட்டுகிறார்கள். மனசு வைத்தால் முடியாததில்லை: 2010இல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனியாள்களுக்கென்றே 128 சின்ன அறைகள் வைத்தார்கள்.

ஆகவே, ஏறிய பிறகு சிக்கனத்துக்கு வெட்கப்படாதீங்க. எந்த அறை என்பதைக் கம்பெனியே முடிவு செய்யட்டும் என்று விட்டால் பெரும்பாலும் விலை குறையும். கப்பலுக்குள் பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. அறை அட்டையை நீட்டிக்கொண்டே போனால் கடைசி நாளில்தான் உறைக்கும். கணக்கைத் தினமும் பாருங்க. டிப்ஸில் மட்டும் கை வைக்காதீங்க. விலையைப் பெருக்கியவர் வேறு, அறையைப் பெருக்குகிறவர் வேறு.