இழந்ததை மீட்பது படைப்பை மாற்றுவதா?



புற்றுநோயால் மார்பகத்தை இழந்த ஒரு பெண், அதைச் சீரமைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், நம் வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் மூன்று. "அல்லாஹ் படைத்ததை மாற்றுவது ஹராம்" என்பது முதலாவது. "உயிர் பிழைத்ததே பெரிது, இனி அழகு எதற்கு?" என்பது இரண்டாவது. "இந்த வயதில் யாருக்காக?" என்பது மூன்றாவது. மார்க்கையன்கோட்டையிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இவற்றைக் கேட்டு வாயடைத்துப்போன சகோதரிகள் இருக்கிறார்கள். முந்தானைக்குள் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, திருமண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

இம்மூன்று விடைகளும் தவறானவை. அவற்றுள் முதலாவது மிகவும் ஆபத்தானது. ஏனெனில், மற்ற இரண்டும் மனிதர்களின் கருத்துகள். முதலாவதோ மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிறது.

படைப்பை மாற்றுதல் குறித்து அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆவது வசனம் எச்சரிக்கிறது. பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை இடைவெளி விட்டு அராவிக்கொள்வோரையும் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். இவற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், அந்த ஹதீஸிலேயே 'அழகுக்காக' என்ற காரணம் சொல்லப்பட்டிருப்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. நலமாக உள்ள உறுப்பைப் பெருமைக்காக மாற்றுவது வேறு. நோயோ காயமோ பறித்துச் சென்றதைத் திரும்ப அமைத்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை மார்க்க அறிஞர்கள் நெடுங்காலமாகவே எடுத்துச் சொல்லி வருகிறார்கள்.

அதற்கான சான்று நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருக்கிறது. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்னும் தோழர், அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அதில் துர்நாற்றம் வீசத் தொடங்கியது. அப்போது நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்து கொள்ளுமாறு அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும், ஒரு மனிதர் மக்கள் முன் தலைநிமிர்ந்து நடப்பதற்காக அந்தத் தடைக்கே விலக்கு அளிக்கப்பட்டது. "மூக்கில்லாமலும் மூச்சு விடலாமே, பொறுமையாக இரும்" என்று அவரிடம் சொல்லப்படவில்லை.

இக்காலத்து மருத்துவம் குறித்தும் உலக அளவில் ஆலிம்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் ஜித்தாவில் எடுத்த தீர்மானம், ஒருவரின் உடலிலிருந்தே திசுவை எடுத்து அவர் உடலின் வேறிடத்தில் பொருத்துவதை அனுமதிக்கிறது. பயன் தீங்கை விட மிகுந்திருக்க வேண்டும். இழந்த உறுப்பை அமைக்கவோ, அதன் வடிவத்தை மீட்கவோ, உடலுக்கோ மனத்துக்கோ துன்பம் தரும் குறையை நீக்கவோ அது செய்யப்பட வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அதே அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடி, அழகு அறுவை சிகிச்சை குறித்துத் தனியாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. வெறும் அழகுக்காகவும் இளமைத் தோற்றத்துக்காகவும் செய்யப்படுவனவற்றை அது தடுத்தது. நோயாலும் விபத்தாலும் வந்த குறைகளைச் சீர்செய்வதை அனுமதித்தது. அவ்வாறு அனுமதிக்கப்பட்டவற்றுள், நீக்கப்பட்ட மார்பகத்தை மீண்டும் அமைப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. இதற்குப் பிறகும் திண்ணையில் அமர்ந்து "ஹராம்" என்று தீர்ப்புச் சொல்பவர், எந்தக் கிதாபைப் பார்த்துச் சொல்கிறார்?

அறியாமல் தீர்ப்புச் சொல்வதன் விளைவையும் ஒரு ஹதீஸ் நமக்குக் காட்டுகிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று உடனிருந்தோர் சொன்னார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்று கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். காயம்பட்ட உடலுக்குச் சலுகை மறுப்பதைப் பேணுதல் என்று கருதுவோர், அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியை ஒருமுறை படிக்கட்டும்.

இரண்டாவது விடைக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவை சிகிச்சைக்கென இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கான சீரமைப்பும் அதில் அடங்கியிருந்தது. உடனே, அரசுப் பணத்தில் அழகு சிகிச்சையா என்ற விமர்சனம் எழுந்தது. வெளிநாட்டு நாளேடுகளும் அதை வியப்போடு எழுதின. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் திருப்பிக் கேட்டார். நான் அந்த 'அழகு' என்ற சொல்லையே மறுக்கிறேன். பணமுள்ளவர் செய்துகொண்டால் சிகிச்சை, ஏழை செய்துகொண்டால் ஆடம்பரம் என்பது எந்த நீதி? அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலேயே, மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு சீரமைப்புக்கும் தர வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. அங்கே இது புற்றுநோய் சிகிச்சையின் ஒரு பகுதி.

நம் அத்தாமார்கள் பல் விழுந்தால் பல்செட் கட்டிக்கொள்கிறார்கள். கண்ணில் புரை விழுந்தால் செயற்கை லென்ஸ் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு எவரும் ஃபத்வா கேட்டதில்லை, "இந்த வயதில் யாருக்காக?" என்றும் கேட்டதில்லை. பெண்ணின் உடல் என்றவுடன் மட்டும் நமக்குப் பேணுதல் பொங்கி வருகிறது. மூன்றாவது விடையின் பொருளும் இங்கே விளங்கிவிடுகிறது. பெண்ணின் மார்பகம் கணவனுக்கானது, பிள்ளைக்கானது; இரண்டும் முடிந்துவிட்டால் அது தேவையில்லை என்பதே அக்கேள்வியின் உட்பொருள். அந்த உடல் அல்லாஹ் அவளுக்கு அளித்த அமானிதம். அதைப் பேணும் கடமையும் உரிமையும் முதலில் அவளுக்கே உரியவை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சீரமைப்பு கட்டாயமானது அன்று. அது வேண்டாம் என்று முடிவெடுக்கும் பெண்ணிடம் எந்தக் குறையும் இல்லை. உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகான் அல்லது பருத்திச் செயற்கை மார்பகமே போதும் என்பவரும், அதுவும் வேண்டாம் என்பவரும் இருக்கிறார்கள். "நீ சரிசெய்துகொள், இல்லையேல் இன்னொரு நிகாஹ் செய்துகொள்வேன்" என்று மிரட்டும் கணவனும், "ஹராம்" என்று தடுக்கும் கணவனும் ஒரே தவற்றையே செய்கிறார்கள். இருவரும் அவள் முடிவைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

முடிவு அவளுடையது என்றால், முடிவெடுக்கத் தேவையான அறிவு அவளுக்குச் சேர வேண்டும். சீரமைப்பு பெரும்பாலும் இரு வழிகளில் நடைபெறுகிறது. ஒன்று, சிலிகான் உள்வைப்பு. சில நேரங்களில் முதலில் ஒரு விரிப்பானை வைத்து, தோலைச் சிறிது சிறிதாக விரித்து, பின்னர் நிலையான உள்வைப்பைப் பொருத்துவார்கள். மற்றொன்று, அடிவயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து மார்பகத்தை அமைப்பது. முதல் வழியில் அறுவை நேரம் குறைவு. ஆனால் உள்வைப்பு ஆயுளுக்கும் நிலைக்கும் என்ற உறுதி இல்லை, பின்னாளில் மாற்ற நேரலாம். இரண்டாவது வழி நீண்ட அறுவை. இரண்டு இடங்களில் காயம் ஆற வேண்டும். எவ்வழியாயினும் பழைய உணர்ச்சி முழுமையாகத் திரும்பாது; பாலூட்டவும் இயலாது. இவற்றை முன்னரே அறிந்தவள் பின்னர் ஏமாற்றம் அடையமாட்டாள்.

மார்பகத்தை நீக்கும் அன்றே சீரமைப்பும் செய்யலாம்; மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் செய்யலாம். கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுமா என்பதைப் பொறுத்து இந்த வரிசை மாறும், ஏனெனில் கதிர்வீச்சு தோலையும் உள்வைப்பையும் பாதிக்கக்கூடும். ஆகவே, நீக்கும் அறுவைக்கு முன்பே இதைக் கேட்பது நல்லது. நம் பள்ளத்தாக்கிலிருந்து தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் செல்லும் குடும்பங்கள் இக்கேள்வியை எழுத்தில் குறித்துக்கொண்டு செல்லட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வகை அறுவை எந்த மருத்துவமனையில் ஏற்கப்படும் என்பதையும் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. உள்வைப்பைத் தாங்குவதற்காக வைக்கப்படும் சில திசு விரிப்புகள் பன்றித் தோலிலிருந்து செய்யப்படுகின்றன. மாற்று உண்டா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? பெண் மருத்துவர் கிடைத்தால் அவரையே நாடுவோம். கிடைக்காவிட்டால், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் சிகிச்சை அளிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் காலத்துப் போர்க்களங்களில் காயம்பட்ட ஆண்களுக்குப் பெண்கள் மருந்திட்டதை ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். பரிசோதனையின்போது உடன் ஒரு பெண் இருக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

அறுவைக்கு முன் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் காயம் ஆறாது. வீட்டில் பீடி, சிகரெட் புகை இருக்கக் கூடாது; புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்து, பொருத்திய திசுவையே கருகச் செய்யும். மனைவியின் அறுவைக்குப் பணம் திரட்டும் கணவர், அவ்வாசலில் நின்று புகைப்பதை நிறுத்துவதும் சிகிச்சையில் சேர்ந்ததே. நாட்டு மருந்தானாலும் கருஞ்சீரகமானாலும், உட்கொள்வது எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில பொருள்கள் இரத்தம் உறைவதைப் பாதிக்கும்.

அறுவை முடிந்து வீடு திரும்புகிறவளுக்கு உடலில் வடிகுழாய்கள் இருக்கும். அவற்றில் சேரும் நீரை நாள்தோறும் அளந்து எழுதி வைக்க வேண்டும். காய்ச்சல், சிவந்து வீங்குதல், சீழ், சீரமைத்த தோலின் நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கையை எப்போது, எவ்வளவு தூக்கலாம் என்று பயிற்சி சொல்லித் தருவார்கள். அதைச் செய்யாவிட்டால் தோள் இறுகிவிடும். பளு தூக்குவதற்குப் பல வாரங்கள் தடை உண்டு. தண்ணீர்க் குடம், நெல் மூட்டை, திராட்சைக் கூடை, பேரப்பிள்ளை எல்லாமே பளுதான். ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் குலுங்கிச் செல்லும் சகோதரி, மருத்துவர் சொல்லும் நாள் வரை வீட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கூலியை யார் ஈடுசெய்வது? இங்கேதான் குடும்பத்தின் ஈமானும் ஜமாஅத்தின் பைத்துல்மாலும் சோதிக்கப்படுகின்றன.

வணக்கத்தைப் பற்றிய கவலையும் அவளை வாட்டும். நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த வழிகாட்டல். வயிற்றில் தையல் உள்ளவர் நாற்காலியில் அமர்ந்து, சைகையால் ஸஜ்தா செய்யலாம். கட்டின் மீது ஈரக்கையால் தடவலாம். காயக்கசிவு நிற்காமல் இருப்பவருக்கு ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூ போதும் என்று நாம் பின்பற்றும் ஹனஃபி சட்ட நூல்கள் கூறுகின்றன. உங்கள் நிலையை ஊர் ஆலிமிடம் விளக்கி, தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அவ்வோராண்டில் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நம் நாட்டுப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இதை 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் ஊரில், கட்டி தென்பட்டவளும் தாமதமாகத்தான் சொல்வாள். மார்பகத்தை இழந்தவளும் தனிமையில்தான் அழுவாள்.

ஆகவே, நம் ஜமாஅத்துகளிடம் மூன்று கோரிக்கைகள். அறிந்த ஆலிம்கள் ஒரு ஜும்ஆ பயானில் இச்சட்டத்தைத் தெளிவாக எடுத்துரைக்கட்டும். மதுரைக்குப் போய்வரும் வண்டிச் செலவையும், இழந்த கூலியின் ஒரு பகுதியையும் பைத்துல்மால் ஏற்கட்டும். பெண்களுக்கான அமர்வில் ஒரு பெண் மருத்துவர் பேசட்டும். இவை எவற்றுக்கும் புதுக் கட்டடம் தேவையில்லை.

சகோதரர்களே! உங்கள் வீட்டில் ஒரு தாயோ, மனைவியோ, அக்காவோ, மச்சியோ இக்கேள்வியோடு நின்றால், தீர்ப்புச் சொல்லாதீர்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதைச் செய்து முடிக்கத் துணை நில்லுங்கள்.

நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அளிப்பானாக. அறியாமல் அவர்களை நோகடிக்கும் நாவுகளிலிருந்து அவர்களைக் காப்பானாக. ஆமீன்.