மூன்று பெல்ட் எரிந்த பிறகு



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

என் அக்காவின் மகள் வயிற்றுப் பேரன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். அவனும் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கல்லூரிப் போட்டிக்காக ஒரு கோ-கார்ட் கட்டினார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தரையோடு தரையாக ஓடும் குட்டிப் பந்தய வண்டி. கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் பூட்டி முதல் வண்டியைச் செய்தாராம். நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பைத்தியம் வருவதில் ஆச்சரியமில்லை. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது.

போன மாதம் ஒரு ராத்திரி அவன் போன் செய்தான். "சின்ன அம்மாயி, மறுபடி பெல்ட் போயிருச்சு." குரல் சரியில்லை. இது மூன்றாவது பெல்ட்டாம். பழைய கியர் இல்லாத ஸ்கூட்டரின் எஞ்சினை வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். பின் சக்கரம் இருந்த இடத்தில் பல்சக்கரம் வைத்து, அங்கிருந்து செயின் போட்டு அச்சைச் சுற்ற வைக்கிறார்கள். முதல் இரண்டு சுற்று ஜோராக ஓடும். மூன்றாவது சுற்றில் எஞ்சின் அலறும், வண்டி நகராது. ரப்பர் கருகும் நாற்றம். மூடியைத் திறந்தால் உள்ளே முழுக்கக் கரித்தூள், கிளட்ச் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது.

குழுவின் முடிவு என்ன தெரியுமா? கிளட்ச்சை மாட்டியவன் சரியாக மாட்டவில்லை. அவன் பாலிடெக்னிக் முடித்து நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்த பையன். "டிப்ளமோ பையன் மாட்டினது, அதான்" என்று பேசியிருக்கிறார்கள். புதுக் கிளட்ச் செட், நாலாவது பெல்ட் எல்லாம் வாங்குவது, அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. பணம் வீட்டில்தான் கேட்க வேண்டும். போன் வந்ததும் அதற்குத்தான்.

(நானும் டிப்ளமோதான். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ. அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று பட்டதை மறைக்கவில்லை.)

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் இதே மாதிரி ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போய் வந்தவள். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் தெரு ஒர்க்‌ஷாப்காரர் ஒருமுறை திறந்து காட்டியிருக்கிறார். முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி அகலமான ரப்பர் பெல்ட். முன் புல்லிக்குள் சின்னச் சின்ன ரோலர்கள். எஞ்சின் வேகமெடுத்தால் அவை வெளிப்பக்கமாக ஓடி, புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின் புல்லி விரிந்து கொடுக்கும். நாம் கையால் கியர் மாற்றுகிற வேலையை இது தானே செய்துகொள்கிறது. 1958-ல் டச்சுக்காரர்கள் டாஃப் என்ற காரிலேயே இந்த மாதிரிப் பெல்ட்டை வைத்தார்கள். அந்தக் கார் முன்னே போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகுமாம், அதை வைத்து ரிவர்ஸ் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள்! நமக்கு 1984-ல் கைனெடிக் ஹோண்டா வந்தபோது பழக்கமானது.

கிளட்ச் இருப்பது பின் புல்லியோடு. திருவிழா ராட்டினம் வேகமெடுத்தால் தொட்டில் வெளியே வீசுமே, அதே கதைதான். சுற்று கூடும்போது கிளட்ச் ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைப் பிடித்து இழுக்கும். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதனால்தான் பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரைத் தள்ளினால் லேசாக உருளும். எத்தனை தடவை தள்ளியிருக்கிறேன்! ஒரே ஒரு தடவை மட்டும் நகரவே மாட்டேன் என்றது. பின் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாபகத்தில்தான் கேட்டேன். "வண்டி நின்னு போனதும் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுத் தள்ளிப் பாத்தீங்களா?"

"எதுக்கு? கிளட்ச்தானே ஸ்லிப் ஆகுது."

"தள்ளிப் பாருடா. சூடாறுறதுக்கு முன்னாடி. பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மறுநாள் மீதமிருந்த பழைய பெல்ட்டைப் போட்டு மூன்று சுற்று ஓட்டி, நின்ற இடத்திலேயே தள்ளியிருக்கிறார்கள். இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. சங்கதி அப்போதே தெரிந்துவிட்டது. கிளட்ச்சுக்குப் பின்னால் எங்கேயோ பிடிக்கிறது. செயினைக் கழற்றினார்கள். அச்சு அப்போதும் சுற்றவில்லை. பிரேக் காலிப்பரில் ஏர் எடுக்கிற நிப்பிளை லேசாகத் தளர்த்தினார்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சியது, அச்சு அப்படியே விடுபட்டது.

பிரேக் பெடலில் ப்ளே இல்லை, அவ்வளவுதான். காலை எடுத்தபிறகும் மாஸ்டர் சிலிண்டரின் ராடு துளி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே போன ஆயில் திரும்பி வர வழியில்லை. பேட் டிஸ்க்கை உரசும், உரசச் சூடாகும், சூட்டில் ஆயில் விரியும், விரிந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். முதல் இரண்டு சுற்று தெரியாததும் மூன்றாவதில் மூச்சு முட்டியதும் இதனால்தான். பிரேக் ஒருபக்கம் பிடிக்க, எஞ்சின் ஒருபக்கம் இழுக்க, நடுவில் அகப்பட்ட கிளட்ச் வழுக்கித் தேய்ந்து சிவந்திருக்கிறது. அதே பெட்டிக்குள் பெல்ட்டும் வெந்திருக்கிறது. போதாததற்குப் பெட்டிக்குக் காற்றுப் போகிற வழியை ஒரு தகடு வேறு மறைத்திருந்ததாம்.

சரி செய்ய ஆன செலவு, ராடின் நட்டைத் திருப்ப ஒரு ஸ்பேனர். பிறகு ஒரு பெல்ட்டும் ஷூக்களும் புதிதாகப் போட்டார்கள், அது தேவைதான். பழைய பிரேக் ஆயிலையும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னேன்.

ராத்திரி அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் அதற்கு வெகு முன்பே கொதித்துவிடும். ஆவி உண்டானால் பெடல் மெத்தென்று தரைவரை இறங்கும், பிரேக் இருக்காது. இவர்கள் புதுக் கிளட்ச் செட்டை மாட்டியிருந்தால் அது இன்னும் பலமாக இழுத்து, டிஸ்க்கை இன்னும் சூடாக்கி, நேர்த்தடத்தின் முடிவில் ஒரு பிள்ளையை பிரேக் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். கருகிய பெல்ட் மூன்று தடவை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. மூன்று தடவையும் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் இப்படித்தான். மிக்ஸி ஓடவில்லையா, மோட்டாரை மாற்று. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் அரைமணி நேரம் வண்டியைச் சுற்றிவந்து, தள்ளிப் பார்த்து, ஒரு நட்டைத் திருகிவிட்டு 300 ரூபாய் கேட்டால் "ஒரு நட்டு திருகினதுக்கா?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே மனுஷன் பெல்ட், ரோலர், கிளட்ச் என்று 3,000 ரூபாய்க்கு பில் போட்டால் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம், கையில் ஏதோ சாமான் வந்ததே என்று. கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்குத்தான் கூலி. அவரும் பிழைக்க வேண்டாமா? மாற்றத்தான் செய்வார். பழுதைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பெரும்பாதி என்பது என் கட்சி. அதற்குக் காசு கொடுக்கவும் நாம் பழகவில்லை, வகுப்பில் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அந்தக் கல்லூரியில் கிளட்ச்சின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லியிருப்பார்கள். ஓடாத வண்டியைக் கொடுத்து ஏன் ஓடவில்லை என்று கேட்டிருப்பார்களா?

நான் மட்டும் கேட்டேனா என்ன. ஏழாம் வகுப்பில் மின்சுற்று பாடம் நடத்தியபோது ஒருவன் கட்டிய சுற்றில் பல்பு எரியவில்லை. கடைசியாகக் கை வைத்தவன் அவன், அதனால் தப்பும் அவனுடையது என்று எல்லார் முன்னாலும் திட்டி உட்கார வைத்தேன். சாயங்காலம் சாமான்களை எடுத்து வைக்கும்போது வேறொரு சுற்றில் அந்த செல்லைப் போட்டுப் பார்த்தேன். செல் செத்துப் போயிருந்தது. மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். டீச்சர் போய் மாணவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு கௌரவம்.

டிப்ளமோ பையனிடம் குழு மன்னிப்புக் கேட்டதா என்று பேரனிடம் விசாரித்தேன். "அவன் இப்ப டீம்லதான் இருக்கான், அம்மாயி" என்று மழுப்பினான். அது பதில் இல்லை என்று சொல்லி, இந்த ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். இந்தப் பக்கத்தில் இருக்கிறானா தெரியாது. இருந்தால் வாசிக்கட்டும்: கண்ணு, நீ ஒயரைச் சரியாகத்தான் கட்டியிருந்தாய். செல்லில்தான் உயிர் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்.