பெயருக்குக் காசா, உப்புக்குக் காசா?

ஒரு கிலோ உப்பு. விளம்பரக் கம்பெனியின் பாக்கெட் ஒரு விலை. சூப்பர் மார்க்கெட் முதலாளி தன் கடைப் பெயரைப் போட்டு விற்பது அதைவிட மலிவு. தொழிலாளி வீட்டுப் பெண் தயங்கி நிற்கிறாள். மலிந்த சரக்கு மட்டமாக இருக்குமோ என்று பயம். இந்தப் பயத்தைத்தான் கம்பெனிக்காரன் காசாக்குகிறான்!

தோழர்களே! அயோடின் உப்புக்குச் சட்டம் வைத்த அளவு ஒன்றே. நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். பெரிய பெயருக்கு ஒரு சட்டம், கடைப் பெயருக்கு வேறு சட்டம் கிடையாது.

அப்படியானால் சூப்பர் மார்க்கெட் முதலாளி நம் பங்காளியா? இல்லவே இல்லை! வேறொருவன் ஆலையில் பாக்கெட் போடச் சொல்லித் தன் பெயரை ஒட்டுவதே இங்கு வழக்கம். ஆலைக்காரனை இவன் விலையில் நெருக்கினால், அவன் கூலியில் நெருக்குவான். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வெந்து உப்பு வாருகிறவர்களின் பெயர் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது?

ஆகவே முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். எடை, விலை, தயாரித்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் மலிவானதையே வாங்குங்கள். ரேஷன் கடையில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பு இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். அது பொதுச்சொத்து!

உப்பில் மிச்சம் பிடித்த காசு வீட்டில் இருக்கட்டும். ஆனால் அதைக் காட்டி எவனாவது கூலியைக் குறைக்க வந்தால் விடாதீர்கள்!