பத்துத் தரம் எழுதினால் வராது

பிள்ளை ‘ஃபிரெண்ட்’ என்ற சொல்லைப் பிழையாக எழுதிவிட்டது. கொப்பியில் சிவப்புக் கோடு, பக்கத்தில் “பத்துத் தரம் எழுதவும்”. அந்தத் தண்டனையை அது எப்படி எழுதுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் குறைவு. முதலில் ‘எஃப்’ எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் நிரப்பும். பிறகு பத்து ‘ஆர்’. பிறகு பத்து ‘ஐ’. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சொல் ஒருதரமாவது முழுசாக அதன் தலைக்குள் போயிராது. ஆசிரியர் சரி போட்டு ஒப்பமிடுவார். உம்மாவும் கொப்பியைப் பார்த்து ஆறுதலடைவா.

புத்தளத்திலிருந்து கற்பிட்டிவரை, தெற்கே உடப்பு, சிலாபம்வரை யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: “இங்கிலிஸ் ஸ்பெலிங்குக்குச் சட்டம் கிடையாது. பாடமாக்கத்தான் வேணும்.” படித்தவர்கள் சாட்சிக்கு ‘பட்’டையும் ‘புட்’டையும் கூட்டி வருவார்கள், நடுவில் ஒரே யூ, ஆனால் வேறு வேறு சத்தம் என்று சிரிப்பார்கள். பழைய பகிடி. அந்தப் பகிடியை வைத்து ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம் என்பதுதான் என் முறைப்பாடு.

கண்டக்குழிப் பக்கம் போனால் சோளகக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்குவதைக் காணலாம். தெருவோரப் பலகைகளில் ‘கைட்’ என்ற சொல் பெரிதாக எழுதியிருக்கும்: கே-ஐ-ரீ-ஈ. கடைசி ஈயைக் கையால் மறைத்தால் ‘கிட்’. அந்த ஈ தானாக ஒரு சத்தமும் போடாது. முன்னால் நிற்கும் ஐயை அதன் சொந்தப் பெயரையே சொல்ல வைக்கும். ‘ஹொப்’ ‘ஹோப்’ ஆவதும் ‘கெப்’ ‘கேப்’ ஆவதும் இப்படித்தான். ‘கைட்’டின் தலையில் ஏன் கே, ஏன் சீ இல்லை? ஈ, ஐ, வை ஆகியவற்றுக்கு முன்னால் சீ வந்தால் ‘ஸ’ என்று ஒலித்துவிடும், ‘சிட்டி’யில் வருவதுபோல. அதனால் அந்த இடத்தில் கே. ஒரே விளம்பரப் பலகையில் இரண்டு விதி. பிள்ளை நாள்தோறும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறது.

‘ரன்’ என்பதோடு ஐ-என்-ஜீ சேர்த்தால் என் ஏன் இரட்டிக்கிறது, ‘ரெயின்’ என்பதில் ஏன் இரட்டிக்கவில்லை என்று கேட்டால் நம் ஆசிரியர்கள் “அது அப்படித்தான்” என்பார்கள். தமிழ்ப் பாடத்தில் அதே ஆசிரியர்கள் என்ன படிப்பிக்கிறார்கள்? கல்லோடு ஐ சேர்ந்தால் கல்லை. காலோடு ஐ சேர்ந்தால் காலை. தனிக்குறிலை அடுத்த மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டிக்கும். பவணந்தி 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வைத்த விதி. ‘அவன்’ தனிக்குறில் அல்ல, ஆகவே ‘அவனை’. ‘ஓப்பன்’ என்பதோடு ஐ-என்-ஜீ சேர்ந்தாலும் என் இரட்டிப்பதில்லை. நீண்ட சொற்களில் ஆங்கிலம் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்றும் பார்க்கும். ‘பிகின்’ இரட்டிப்பது அதனால்தான். ஆனால் தரம் 4, 5 பிள்ளைக்கு வேண்டிய அளவு கல்லிலும் காலிலும் இருக்கிறது. தமிழ் மிஸ்ஸும் இங்கிலிஸ் மிஸ்ஸும் ஒரே ஓய்வறையில் தேநீர் குடிக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை போலும்.

1966இல் ஸ்டான்ஃபோர்டின் போல் ஹன்னாவும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 17,000 ஆங்கிலச் சொற்களைக் கணினியிடம் கொடுத்து, ஒலி விதிகளை மட்டும் வைத்து எழுதச் சொன்னார்கள். பாதியளவு சொற்களை அது முற்றிலும் சரியாக எழுதியது. இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயொரு பிழையோடு வந்தன. ‘பாதிதானே’ என்பவர்கள் உண்டு. பொருளும் தெரியாத, சொற்களின் உறவும் தெரியாத ஒரு இயந்திரம் பாதியை எட்டியது. பிள்ளைக்கு இரண்டும் தெரியும்.

விதிக்குள் அடங்காதவை இல்லையென்று சொல்லவில்லை. ‘செட்’, ‘வொஸ்’, ‘டூ’ போன்றவற்றைக் கண்ணால்தான் பழகவேண்டும். ‘டெட்’ என்ற கடனுக்குள் கிடக்கும் பீ, இலத்தீன் மூலத்தைக் காட்டப் பண்டிதர்கள் செருகியது. விதி என்ற பெயரில் ஓதப்படும் எல்லாமும் விதியும் அல்ல. ஐ முன்னால், ஈ பின்னால், சீக்குப் பிறகு மாறும் என்ற பாட்டுக்கு விலக்குகள் மலிந்துபோய், அதைப் படிப்பிப்பதில் பயனில்லை என்று 2009இல் இங்கிலாந்து அரசின் வழிகாட்டியே சொல்லிவிட்டது. நம் ரியூசன் வகுப்புகளில் இன்னும் கோரஸாகப் பாடுகிறார்கள்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில். தமிழில் ‘க’வின் பெயரும் ‘க’, ஒலியும் ‘க’. ஆங்கிலத்தில் ‘எச்’ என்ற பெயருக்குள் ‘ஹ’ எங்கே இருக்கிறது? பெயரை மட்டும் பாடமாக்கிய பிள்ளை சொல்லைக் கூட்டி வாசிக்க வழியில்லாமல் நிற்கிறது. அதே பிள்ளை பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவில் ஒவ்வோர் எழுத்தும் தொண்டையில் பிறக்கிறதா நாவில் பிறக்கிறதா என்று கற்று, பிறகு கூட்டி ஓதுகிறது. ‘பாட்டு’வின் பவும் ‘பஸ்’ஸின் பவும் தமிழில் ஒரே எழுத்து, சிங்களத்தில் இரண்டு. நம் பகுதிப் பிள்ளை சிங்களமும் படிக்கிறது. வேறுபாடு அதன் காதில் ஏற்கெனவே இருக்கிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து ‘பென்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் காகிதம் துள்ளும். ‘பென்ச்’ என்றால் துள்ளாது. இந்தச் சோதனைக்கு உம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கத் தேவையில்லை. இரண்டு சொல்லையும் மிஸ் ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

1999 முதல் அரசு பாடசாலைகளில் தரம் 1, 2 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் விளையாட்டும் பேச்சுமாக வாய்மொழியில் வந்தது. முறையான பாடம் தரம் 3இலிருந்து. பெற்றோர் இதைத்தான் குறை சொல்கிறார்கள்: “கொப்பியில ஒண்டுமே இல்ல, மிஸ் படிப்பிக்கிறதில்ல.” அவர்களைத் திருப்திப்படுத்த நாலு வயதுப் பிள்ளைக்கு ‘எலிஃபன்ட்’ ஸ்பெலிங் பாடமாக்கித் தரும் முன்பள்ளிகள் முளைத்துவிட்டன. காது பழகுமுன் கை எழுதவேண்டுமாம்.

சொல்வதெழுதலில் இரண்டு பிள்ளைகள் ‘ஸ்கூல்’ எழுதுகிறார்கள். ஒன்று எஸ்-கே-ஓ-ஓ-எல் என்று எழுதுகிறது. மற்றது எஸ்-எச்-ஓ-சீ-எல் என்று. இரண்டுக்கும் ஒரே புள்ளடி, ஒரே பூச்சியம், ஒரே பத்துத் தரம். முதல் பிள்ளை ஒலி அத்தனையையும் பிடித்துவிட்டது. கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களில் அந்த ‘க’வைச் சீ-எச் என்று எழுதுவார்கள் என்று ஒரு வரி சொன்னால் ‘கோரஸ்’ஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பிள்ளை எழுத்துப் பெயர்களைப் பாடமாக்கி, வரிசையை மறந்துவிட்டது. அதோடு ‘ஸ்’ என்ற முதல் ஒலியிலிருந்து உட்கார வேண்டும்.