புளித்ததென்று இழித்தார்

பழவேற்காடு என்பது தூய தமிழ்ப்பெயர். வேலமரம் அடர்ந்த பழங்காடு என்று அதற்குப் பொருள் கூறுவர். 1613-இல் ஆங்குக் கோட்டை கட்டிய ஒல்லாந்தரும், அவர்க்குப் பின்வந்த ஆங்கிலரும் நாத் திரும்பாமையால் அதனைப் 'புலிகாட்' என்றனர். அயலார் நாவின் குறை அது, பொறுக்கலாம். அச்சிதைவையே தமிழ்ச் செய்தித்தாள்கள் 'புலிகாட் ஏரி' என்று மீண்டும் தமிழெழுத்திற் பொறித்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொடுக்கின்றனவே, இஃது எவர் நாவின் குறை?

பெயர் போனபின் பொருள் போவது அரிதன்று. பழவேற்காட்டுக் குப்பங்களில் இன்று அதுதான் நடக்கிறது. கோட்டைக்குப்பத்திலும் ஆண்டிகுப்பத்திலும் கூனங்குப்பத்திலும் விடியுமுன் வலையெடுத்துச் செல்லும் வலைஞர்க்கு வழிவழியாக வந்த காலையுணவு கூழும் பழஞ்சோறும். மாலையில் கேழ்வரகு மாவைக் கரைத்து மண்கலத்தில் வைப்பர். இரவு முழுதும் அது புளிக்கும். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, புளித்த கரைசலை அதில் ஊற்றித் துழாவிக் காய்ச்சுவர். காய்ச்சியதையும் உடனே உண்பதில்லை. ஓரிரவு வைத்திருந்து, அடுத்த விடியலில் நீரும் உப்பும் சேர்த்துக் கரைத்துக் குடிப்பர். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் வெங்காயமும். பழஞ்சோறோ இதனினும் எளிது. வடித்த சோற்றில் நீரூற்றி மூடிவைத்தால் போதும்.

இவ்வுணவை 'ஏழையுணவு' என்றும், 'நாற்றவுணவு' என்றும் இழித்தவர் அயலார் மட்டும் அல்லர். படித்த தமிழரே இழித்தனர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளை கூழ்க்கலத்தை ஒளித்தது. உறையிலிட்டு விற்கும் மாவு ரொட்டியும், நீரிற் கரைக்கும் ஊட்டப்பொடியும் குப்பத்துக் கடைகளில் தொங்கின. இழித்துப் பேசியவர் எவரும் அக்கலத்துக்குள் என்ன நிகழ்கிறது என்று எட்டிப் பார்த்தாரில்லை.

அதற்குள் நிகழ்வது உயிர்களின் வேலை. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மாவிலுள்ள இனிப்பை உண்டு பாற்காடி எனும் புளிப்பை வெளிவிடுகின்றன. பாலைத் தயிராக்குவதும் அதே புளிப்புத்தான். புளிப்பு ஏற ஏற, நோய் தரும் கிருமிகள் பல அங்குத் தலையெடுக்க மாட்டா. கேழ்வரகில் இரும்பும் சுண்ணமும் உண்டு. ஆனால் பைட்டிக்குக் காடி எனும் ஒரு பொருள் அவற்றைப் பிணித்து வைத்திருக்கிறது. புளித்தல் அப்பிணிப்பைத் தளர்த்தி, உண்பவன் உடலுக்கு அவற்றைக் கிடைக்கச் செய்கிறது. இட்டளி மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர் இன்னதென்று 1965-இல் ஆய்ந்து வெளியிட்டது அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்துச் செனீவா ஊரிலுள்ள ஆய்வுநிலையம். நாவைச் சுளுக்கும் ஒரு நெடும்பெயர் அதற்கு உண்டு. அந்நுண்ணுயிர் கடையில் வாங்கிச் சேர்த்ததன்று. அரிசியோடும் உளுந்தோடும் தானே வந்து சேர்வது. தமிழ்நாட்டு அடுக்களையில் நாடோறும் பொங்கிய மாவை உலகறியச் செய்ய அமெரிக்க ஆய்வகம் வேண்டியிருந்தது! அண்மை ஆண்டுகளில் சென்னை இசுட்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் குடல்நோயர்க்குப் பழஞ்சோற்றை உணவாகக் கொடுத்து ஆயத் தொடங்கினர். உடனே செய்தித்தாள்கள் பழஞ்சோற்றைப் புகழ்ந்து பத்தி பத்தியாக எழுதின. குப்பத்துக் கிழவி சொன்னபோது அவை எங்கிருந்தன?

ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்லல் வேண்டும். தமிழர்க்குள்ளேயே ஒரு கூட்டம், பழந்தமிழர் நுண்ணுயிரியலை முழுதும் அறிந்திருந்தனர் என்றும், சோற்றை நீரில் ஊறவைத்தால் இரும்பு இருபது மடங்கு பெருகும் என்றும் மேடைதோறும் முழங்குகிறது. இஃது அறிவுக்கு இழுக்கு. நுண்ணுயிர் இரும்பைப் படைக்காது. பூட்டியிருப்பதைத் திறந்துவிடும், அவ்வளவே. நுண்ணுயிரை முதன்முதல் கண்ணாற் கண்டவர் தமிழரும் அல்லர். 1670-களில் தெல்பத்து ஊரிலிருந்த ஒல்லாந்தத் துணிவணிகர் இலேவன்குக்கு என்பவர், தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே நீர்த்துளியில் அவற்றைக் கண்டார். அக்காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர்க்குத் தலைமையிடமாக இருந்தது பழவேற்காடு. அங்கிருந்து அவர்கள் கப்பலேற்றியவற்றுள் தலையாயது தமிழ்நாட்டு நெசவு. இலேவன்குக்கு வில்லை வைத்துப் பார்த்த துணி பழவேற்காட்டிலிருந்து சென்றதே என்று கதை கட்ட வேண்டா. நெய்தவன் இழையைக் கையால் அறிந்தான். வாங்கியவன் வில்லையால் அறிந்தான். இரண்டும் அறிவே. ஒன்றை அறிவென்றும் மற்றதை அறியாமை என்றும் பிரித்ததுதான் கொடுமை.

தமிழர் நுண்ணுயிரைக் காணவில்லை. ஆயினும் அதன் வினையைக் கண்டனர், பெயரிட்டனர், கையாண்டனர். பாலில் இடும் முன்னாள் மோருக்குப் பிரை என்றும் உறை என்றும் பெயர். நேற்றைய உயிர் இன்றைய பாலில் இறங்கி வேலை செய்கிறது என்ற உண்மையை அவ்வொரு சொல் அடக்கி வைத்திருக்கிறது. நுரைத்துப் பொங்குவது நொதித்தல். புளித்த நீர் காடி. தெளிந்த கள் தேறல். ஈரத்தில் படர்வது பூஞ்சணம். நீர்மேற் படர்வது பாசி. இத்தனை சொற்களும் நாவிலிருக்க, பிள்ளைகள் 'பெர்மன்டேசன்' என்று நெட்டுருச் செய்கின்றனர். பாடத்திற் படிப்பது தன் வீட்டுக் கூழ்ப்பானையில் நிகழ்வதே என்று அப்பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமற் செய்ததே அம்மொழிதான்.

கருவாட்டிற்கு வருவோம். மீனில் உப்பேற்றினால் ஊனிலுள்ள நீர் வெளியேறும். அழுகலைச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரின்றி ஒடுங்கும். உப்பைத் தாங்கும் சில வகைகள் மட்டும் எஞ்சி மெல்ல மெல்ல மணமும் சுவையும் ஊட்டும். தென்கடலோரத்தில் உப்பிட்ட மீனை ஓலைப்பாயில் பொதிந்து மணற்குழியில் ஓரிரு நாள் புதைத்து எடுக்கும் முறையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முதல் உப்பு. அவ்வுப்பை 1805-இல் சென்னை மாநிலத்தில் தன் தனிவாணிகம் ஆக்கிக்கொண்டது ஆங்கிலக் கும்பினி. கடற்கரையில் வாழ்ந்தவன் காலடியில் விளைந்த உப்பை அள்ளினாற் குற்றம்! விலை கொடுக்க மாட்டாத வலைஞர் உவர்மண்ணைப் பூசி மீனை உலர்த்தினர். மீன் கெட்டது, உண்டவர் நோயுற்றனர். பின்னர் 1870-களில் அரசு மீனுப்பிடு களங்களைத் திறந்து, அவற்றுக்குள் மட்டும் மலிவாக உப்பைக் கொடுத்தது. தூய்மையறியாத குடிகளுக்குத் தூய்மை கற்பித்ததாகத் தன்னையே மெச்சிக்கொண்டது. உப்பைப் பறித்தவன் அழுகலைப் பழித்தான் என்க.

வயலிலும் இதே கதை. பொன்னேரி வட்டத்து உழவர் நடவுக்குமுன் கொழிஞ்சியையும் அகத்தியையும் தழையாக மிதித்துச் சேற்றில் அமிழ்த்தினர். கொழிஞ்சியின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்டிரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. இதனை 1886-இல் செருமானியர் நிறுவினர். 1888-இல் ஒல்லாந்தர் ஒருவர் அந்நுண்ணுயிரையே பிரித்தெடுத்தார். நெல்வயலின் நீரிற் படரும் நீலப்பச்சைப் பாசியும் அதே வேலையைச் செய்கிறது என்று 1939-இல் வங்காளத்து அறிஞர் தே என்பவர் காட்டினார். இவ்வளவும் அறிந்தபின் அரசு செய்ததென்ன? 1960-களில் மூட்டை மூட்டையாக யூரியாவை இறக்கிற்று. உப்புரம் மிகுந்து கிடக்கும் மண்ணில் காற்றைப் பிடிக்கும் நுண்ணுயிர்கள் அவ்வேலையை நிறுத்திவிடும். ஆயத்த உணவு கிடைக்கையில் அவை உழைப்பதில்லை. உழவன் தழையை மறந்தான். மண் தன் தொழிலை மறந்தது. இப்பொழுது அந்நுண்ணுயிரையே பொட்டலத்தில் அடைத்து 'பயோ' என்னும் முன்னொட்டோடு விற்கின்றனர். ஆனைந்து என்று தேவாரக் காலத்திலேயே தமிழில் வழங்கிய பெயரிருக்க, அதனைப் 'பஞ்சகவ்யா' என்று விற்பவரும் தமிழரே. மீஞ்சூர்ப் பகுதியிலோ, சென்னைக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீரை உள்ளே இழுத்துவிட்டனர். உவரேறிய கிணற்றுநீரில் எந்தப் பொட்டலம் என்ன செய்யும்?

இவை அனைத்தினும் பெரிய புளிப்புக்கலம் ஒன்று பழவேற்காட்டில் இருக்கிறது. அது காயலே. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அதன் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாற் போயிற்று. தென்முனைதான் தமிழர்க்கு எஞ்சியது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவரும். கழிமுகத்தின் வழியே கடல் உப்புநீரை அனுப்பும். கோரையும் தழையும் மீன்கழிவும் சேற்றில் படியும். நுண்ணுயிர்கள் அவற்றை மட்கச் செய்யும். அம்மட்கையும் அதன்மேற் படர்ந்த நுண்ணுயிர்ப் படலத்தையும் இறாற்குஞ்சு உண்ணும், மடவை உண்ணும். அவற்றைக் கொடுவா உண்ணும். ஆக, பழவேற்காட்டு வலையில் விழும் ஒவ்வோர் இறாலும் அச்சேற்றின் விளைச்சல். பனையோலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் அமர்ந்து, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்டிர்க்கு அச்சேற்றின் நலம் விரல்நுனியிற் தெரியும். நீரோட்டம் நின்றால் சேறு கறுக்கும்; உயிர்வளி அற்ற இடத்தில் பெருகும் வேறு வகை நுண்ணுயிர்கள் அழுகிய முட்டையின் நாற்றத்தை எழுப்பும்; அங்கே இறால் இராது. இது படித்து வந்த அறிவன்று. ஆயினும் படித்தவர் மறுக்க முடியாத அறிவு.

இக்காயலைக் குப்பத்தார் பொதுவில் ஆண்டனர். இன்ன வலை இன்ன நாளில் இன்னார்க்கு என்று முறைவைத்துப் பகிரும் ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். ஆளுக்கொரு முறை வருவதால் ஒருவனே அள்ளிச் செல்ல முடியாது. பாட்டில் இடமில்லாதவர் சேற்றைத் தடவிப் பிழைக்கும் ஏற்றத்தாழ்வும் அதில் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது.

1990-களில் இறாற்பண்ணை முதலாளிகள் வந்தனர். கரையை வெட்டிக் குளமாக்கினர், நெருக்கி நெருக்கிக் குஞ்சு விட்டனர், தீனியைக் கொட்டினர், நோய் வருமுன்னே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் கொட்டினர். நல்லதும் தீயதும் ஒன்றாக மடிந்த அக்குளங்களில் 1994-95-இல் வெண்புள்ளி நச்சுயிரி புகுந்தது. ஆந்திரக் கரையிலும் தமிழகக் கரையிலும் பண்ணை பண்ணையாக இறால் செத்து மிதந்தது. கழிவுநீர் எங்குப் போயிற்று? கழிக்கும் காயலுக்கும். காந்திய வழித் தொண்டர் செகந்நாதனார் தொடுத்த வழக்கில், 1996 திசம்பர் 11-இல் உச்ச நயன்மன்றம், சிலிக்கா ஏரிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் இறாற்பண்ணை கூடாது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் நடுவணரசு கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி அத்தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிற்று. பிழைத்த பண்ணையாளர்க்கு இன்று வணிகர் விற்பதென்ன தெரியுமா? நல்ல நுண்ணுயிர்ப்பொடி! குளத்திற் கொன்றதைப் புட்டியில் வாங்கிக் குளத்தில் இடுகின்றனர்.

நெல்லும் இறாலும் பகையா? சேரநாட்டுப் பொக்காளி வயலைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் உவர்நீர் நிலத்தில் உரமின்றி நெல். அறுத்தபின் அதே வயலில் கடல்நீர் புகவிட்டு இறால். மட்கும் தாளில் பெருகும் நுண்ணுயிர் இறாலுக்கு உணவு; இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம்.

தமிழகத்திலோ, எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து சேறு செத்தது. 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் அதன்மேற் பரந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்துப் பெறுவது. 2023 செட்டம்பரில் கூட்டவிருந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பெற்றது; திட்டம் கைவிடப்பெற்றது என்று பொருளன்று. கடலைத் தூர்த்தால் மணலோட்டம் மாறும், மணலோட்டம் மாறினால் கழிமுகம் அடைபடும், கழிமுகம் அடைபட்டால் காயலின் உப்பு நிலை பிறழும், சேறு கறுக்கும். திட்ட அறிக்கைகளில் இச்சேற்றுக்கு 'வேசுட்டுலாண்டு' என்று பெயர். பாழ்நிலமாம்!

அப்பாழ்நிலத்தில் நாளை விடியலிலும் கூழைக் குடித்துவிட்டுப் பறியைப் பல்லிற் கவ்விக்கொண்டு இறங்கும் பெண்டிரிடம், அவர்தம் மொழியில், அவர்தம் சொற்களில், எந்த அதிகாரியும் இதுகாறும் சேற்றைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாரா?