காரணம் விளங்கும்வரை காத்திருக்கலாகாது

வாசனைத் திரவியம், சுவர்ப்பூச்சு, பூச்சிக்கொல்லி, துணிகளுக்கு மென்மையும் மணமும் ஊட்டும் திரவம் போன்றவை பிறர் பொருட்படுத்தாத சிறிய அளவில் காற்றில் கலந்திருந்தாலே, தலைவலி, மூச்சுத்திணறல், குமட்டல், கடுஞ்சோர்வு, சிந்தனைத் தடுமாற்றம் எனப் பலவகை உபாதைகளுக்கு ஒருவர் ஆளாகும் நிலை ‘பல்வேதிப்பொருள் கூருணர்வு’ எனப்படுகிறது. அறிகுறிகள் நாள்பட்டவையாகவும், ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல பொருள்களால் தூண்டப்படுபவையாகவும், அப்பொருள்களை விட்டு விலகியதும் தணிபவையாகவும் இருக்க வேண்டும் என்று 1999இல் மருத்துவ ஆய்வாளர் குழு ஒன்று இதற்கு வரையறை வகுத்தது.

இந்நிலை ஏன் ஏற்படுகிறது என்பதில் மருத்துவ உலகம் இன்றுவரை ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எந்தப் பொருள் தரப்படுகிறது என்பதை மறைத்து நடத்திய சோதனைகளில், பாதிக்கப்பட்டோர் வேதிப்பொருளையும் தூய காற்றையும் சீராக வேறுபடுத்தி உணரவில்லை என்று 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சுட்டியது. இம்முடிவைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. ஆயினும் அது காரணம் பற்றிய ஐயத்தை எழுப்புகிறதேயன்றி, வேலையை இழந்து வீட்டுக்குள் முடங்கியோரின் வேதனையைப் பொய்யாக்கிவிடவில்லை. நோயின் மூலம் அறியப்படாமையை நோயாளியின் மனப்பிரமைக்குச் சான்றாகக் கொள்வது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது.

விவாதம் முடியட்டும் என்று ஜப்பான் காத்திருக்கவில்லை. கட்டடப் பொருள்களிலிருந்து கசியும் பார்மால்டிஹைடு வாயுவைக் கட்டுப்படுத்தி, குளோர்பைரிபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கட்டுமானப் பொருள்களைத் தடைசெய்யும் விதிகளை அந்நாடு 2003இல் நடைமுறைப்படுத்தியது. 2009இல் இந்நிலையை மருத்துவப் பதிவுக்குரிய நோய்ப்பெயர்ப் பட்டியலில் சேர்த்தது. புதுப் பாடநூலின் மை நெடியைத் தாங்க இயலாத பிள்ளைகளுக்கென, நெடி குறைக்கப்பட்ட பிரதிகள் அங்கு வழங்கப்படுகின்றன. ஒருவருக்கு இனிய நறுமணம் மற்றொருவருக்குத் துன்பமாகலாம் என்பதை உணர்த்தும் சுவரொட்டியை 2021இல் அரசுத் துறைகளே இணைந்து வெளியிட்டன. கனடாவின் மனித உரிமை ஆணையமோ இக்கூருணர்வைச் சட்டப் பாதுகாப்புக்குரிய மாற்றுத்திறன் நிலையாக ஏற்றுள்ளது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதற்கு இடமில்லை. சட்டம் மாறும்வரை செய்யத்தக்கவையும் பல உள்ளன. மருத்துவமனைகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் அறை நறுமணத் தெளிப்பான்களைக் கைவிட்டு, சன்னல்களைத் திறந்து, பூச்சுவேலையையும் பூச்சிமருந்து தெளிப்பையும் முன்னறிவிப்புடன் விடுமுறை நாள்களில் மேற்கொள்ளலாம். மணம் ஆஸ்துமாவையும் ஒற்றைத் தலைவலியையும் தூண்டவல்லது என்பதால், இந்நடவடிக்கைகளின் பயன் ஒரு சிறு பிரிவினரோடு நின்றுவிடாது. ‘நறுமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல வேதிப்பொருள்களை மறைக்காமல், அவற்றின் பெயர்களை உற்பத்தியாளர்கள் உறையில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இந்த நெடி தாங்கவில்லை என்று ஒருவர் சொன்னால், எள்ளி நகையாடாமல் அதை அகற்ற முன்வரும் பண்பு ஒவ்வொருவரிடமும் வளர வேண்டும்.