கோடு முந்தியது, பெயர் பிந்தியது

2024 மே மாதம் வடக்கு மாசிடோனியாவின் புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும்போது நாட்டின் பெயரை ‘மாசிடோனியா’ என்று மட்டும் சொன்னார். கிரீஸ் நாட்டுத் தூதர் எழுந்து போய்விட்டார். திசைச்சொல் ஒன்று விட்டுப்போனதற்கா இத்தனை ரோஷம் என்று மற்றவர்கள் சிரிக்கலாம். திருத்தணிக்காரர்களால் முடியாது.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் திருப்பதி மலையான வேங்கடம் வரை கேட்டது. ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழார் மக்களைத் திரட்டினார். தெலுங்கர் பக்கத்திலோ ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்ற முழக்கம். நடுவராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து மொழிக்கணக்குப் பார்த்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி இந்தப் பக்கம். திருப்பதியும் காளத்தியும் அந்தப் பக்கம். பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் சில ஊர்களை நாமும் கொடுத்தோம். அதைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேச்சில்லை!

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969 ஜனவரி 14 அன்றுதான். அதற்காக 1956இலேயே சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிரை விட்டிருந்தார். அவருக்குக் குறுக்கே நின்றது ஆந்திரம் அல்ல, சென்னையிலும் தில்லியிலும் இருந்த காங்கிரஸ் ஆட்சிகள். அந்தப் பெயருக்குள் திருப்பதியும் அடங்குமோ என்று அண்டை வீட்டார் அஞ்ச இடமில்லை. கோடு அதற்குள் சட்டமாகியிருந்தது.

கிரீஸின் அச்சம் சரியாக இதுதான். அதன் வட பகுதிக்கும் மாசிடோனியா என்றே பெயர். 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த நாடு அதே பெயரோடு நின்றதும், நாளை நிலத்தையும் கேட்பார்களோ என்று ஏதென்ஸ் கலங்கியது. 2008இல் நேட்டோவில் சேரவிடாமல் தடுத்தது. 2018 ஜூனில் பிரெஸ்பா ஏரிக்கரையில் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லையை உறுதிசெய்தது. நாட்டின் பெயரோடு ‘வடக்கு’ சேர்ந்தது. அவர்கள் மொழி மாசிடோனியம் என்பதை கிரீஸ் ஏற்றது. நல்ல ஒப்பந்தம். அதைப் பதவியேற்பு மேடையிலேயே மீறியது தவறு.

கோடு போட்டதோடு நம் கடமையும் தீரவில்லை. நகரி, புத்தூர்ப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன; திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்குக் குடும்பங்கள். இந்தப் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்க இரு மாநில அரசுகளும் ஆசிரியர்களை அமர்த்த வேண்டும். வடக்கெல்லைப் போராட்டத்துக்கு விழா எடுக்கும் அமைப்புகள் இந்த இரு கோரிக்கைகளையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றட்டும்.